கேமரா கோளாறா, கைக் கோளாறா? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

படம் கெட்டுப்போனால் புகைப்படக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். தன் பிராண்டை விட்டுக்கொடுக்காதவர், "நான்தான் செட்டிங்கைச் சரியாக வைக்கவில்லை" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வார். ஏற்கெனவே வேறு பிராண்டின் மேல் கண் வைத்திருப்பவர், அழுக்கேறிய லென்ஸ் காண்டாக்டைக்கூட (லென்ஸையும் கேமராவையும் மின்சாரத்தால் இணைக்கும் உலோகப் புள்ளிகள்) தொழிற்சாலைக் கோளாறு என்பார். இரண்டு பேருமே சோதித்துப் பார்ப்பதில்லை. முதலாமவருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டிய ரிப்பேர் கைநழுவிப் போகிறது. இரண்டாமவர் ஐந்து நிமிட வேலைக்காக இருக்கிற லென்ஸை எல்லாம் விற்றுவிடுகிறார்.

2005-ல் நடந்ததைச் சொன்னால் இந்தக் கட்சிச் சண்டை எவ்வளவு வீண் என்று புரியும். சோனி 2002-க்கும் 2004-க்கும் இடையில் தயாரித்த சில சிசிடி சென்சார்களில் (ஒளியைப் படமாக மாற்றும் சிப்), சூடும் ஈரப்பதமும் அதிகமான இடங்களில் உள்ளே இருக்கும் நுண்ணிய கம்பி இணைப்புகள் விட்டுப்போயின. படம் கோணலாகத் தெரியும், நிறம் மாறும், கடைசியில் ஒன்றுமே தெரியாது. சோனி கேமராக்களில் மட்டுமல்ல, கேனன், நிக்கான், ஃபுஜிஃபில்ம், ஒலிம்பஸ், கோனிகா மினோல்டா என்று ஒருவரோடு ஒருவர் போட்டி போட்ட கம்பெனிகளின் கேமராக்களிலும் அதே சென்சார்தான் இருந்தது. எல்லோரும் வரிசையாக இலவச ரிப்பேர் அறிவித்தார்கள். "என் பிராண்டுக்கு இப்படி வராது" என்று அப்போது பேசியவர்கள், எதிராளியின் கேமராவுக்குள் இருந்த அதே பாகத்தைத் தங்கள் கழுத்திலும் மாட்டியிருந்தார்கள்.

ஆகவே பெயரைப் பார்க்காமல் அறிகுறியைப் பார்ப்போம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்

லென்ஸை மாற்றிப் பாருங்கள். அதே லென்ஸை வேறு பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) போட்டுப் பாருங்கள். கோளாறு லென்ஸோடு போகிறதா, பாடியோடு தங்குகிறதா என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மெமரி கார்டையும் பேட்டரியையும் மாற்றுங்கள். லென்ஸின் பின்புறக் காண்டாக்டுகளை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். பழைய கேனன் டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமராக்கள்) "எர்ரர் 99" என்று பயமுறுத்திய செய்தி பல நேரம் இந்தத் துடைப்பிலேயே போய்விடும். ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) புதியதா என்று பாருங்கள். அப்புறம் செட்டிங்குகளை முழுதாக ரீசெட் செய்துவிட்டு மறுபடி எடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அறிகுறி போகவில்லை என்றால் கீழே படியுங்கள்.

அறிகுறி: வானத்தில் கறுப்புப் புள்ளிகள்

அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் கூடினால் துளை சுருங்கும்) எஃப்/16-க்குக் கொண்டுவந்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெறும் வானத்தையோ வெள்ளைத் திரையையோ எடுங்கள். எஃப்/4-ல் தெரியாமல் எஃப்/16-ல் மட்டும் தெரிந்தால் புள்ளி சென்சார் மேல் இருக்கிறது. லென்ஸ் கண்ணாடியில் ஒட்டிய தூசி இப்படித் துல்லியமான புள்ளியாகப் பதியாது.

இனி கேள்வி, அது என்ன புள்ளி என்பது. ஊதினால் போனால் தூசி. அதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லென்ஸை மாற்றுகிற எந்தக் கேமராவிலும் தூசி ஏறும். ஊதியும் போகாமல், ஓரத்தில் மெல்லிய வளையத்தோடு வட்டமாக இருந்தால் பெரும்பாலும் எண்ணெய்த் துளி. ஈர முறையில் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள், அல்லது செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு லென்ஸைக் கழற்றாமலே சில நூறு படங்கள் எடுத்துவிட்டு, எஃப்/16 சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். லென்ஸைத் திறக்காமல் புதுப் புள்ளிகள் வந்தால் அவை வெளியிலிருந்து வரவில்லை, ஷட்டர் (சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் திரை) பக்கத்திலிருந்து தெறிக்கின்றன.

நிக்கான் டி600-ல் நடந்தது இதுதான். 2012 செப்டம்பரில் வெளிவந்தது. படத்தின் மேல் இடது மூலையில் புள்ளிகள் குவிவதாகப் புகார்கள் வந்தபடி இருந்தன. கம்பெனி முதலில் சுத்தம் செய்யும் வழியைச் சொன்னது. 2013 அக்டோபரில், ஷட்டர் அமைப்பை மாற்றிய டி610-ஐக் கொண்டுவந்தது. டி600 வாங்கி ஓர் ஆண்டுகூட ஆகாதவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கும் பேச்சும் எழுந்தது. 2014 பிப்ரவரியில்தான், வாரண்டி முடிந்திருந்தாலும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். அடுத்த மாதம் சீனாவின் அரசுத் தொலைக்காட்சி நுகர்வோர் தின நிகழ்ச்சியில் இதை எடுத்துக்கொண்டது. அங்கே அந்த மாடலின் விற்பனையையே நிறுத்த உத்தரவானது.

என் கணக்கில் டி600-ன் பாவம் எண்ணெய் அல்ல, அந்த ஒன்றரை ஆண்டு இழுபறி. கோளாறை மன்னிக்கிற புகைப்படக்காரர்கள் மழுப்பலை மன்னிப்பதில்லை.

சுத்தம் செய்தாலும் அசையாத புள்ளி இன்னொரு வகை. சிறிய குமிழ் போல, சுற்றிலும் ஒளிவட்டத்தோடு, எத்தனை முறை துடைத்தாலும் அதே இடத்தில் இருக்கும். லைக்கா எம்9 வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. எம்9, எம்9-பி, எம்-ஈ, சிசிடி சென்சார் உள்ள எம் மோனோக்ரோம் ஆகிய மாடல்களில் சென்சாரின் மேல்மூடிக் கண்ணாடி அரித்துப்போனது. துடைத்துத் தீராது, சென்சாரையே மாற்ற வேண்டும். 2014-லிருந்து லைக்கா அதை இலவசமாக மாற்றித் தந்தது. 2017-ல் அந்தச் சலுகையை வரையறைக்குள் கொண்டுவந்தது. இன்று பழைய எம்9 வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சென்சார் மாற்றியதா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குத் தாளில் பதில் இல்லை என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் நான் தொட மாட்டேன்.

புள்ளி கறுப்பாக இல்லாமல் சிவப்பு, நீலம், வெள்ளையாக மின்னினால், அதுவும் நீண்ட எக்ஸ்போஷரில் (ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கும்போது) மட்டும் வந்தால், சூடேறிய பிக்சல்கள். ஓரளவு எல்லாச் சென்சாரிலும் உண்டு. மெனுவில் பிக்சல் மேப்பிங் (கெட்ட பிக்சல்களை மறைக்கும் வசதி) இருந்தால் ஓட்டுங்கள். அளவுக்கு மீறி வந்தால் சர்வீஸ் அறிவிப்பைத் தேடுங்கள். 2014-ல் வந்த நிக்கான் டி810-க்கு இதே காரணத்துக்காக இலவச சர்வீஸ் கொடுத்தார்கள்.

அறிகுறி: படத்தின் ஒரு பகுதி மட்டும் இருட்டு

அவசரப்படாதீர்கள், இதில் பாதிக்கு மேல் கோளாறே இல்லை. ஃபிளாஷ் போட்டு, அதன் ஒத்திசைவு வேகத்தை (ஃபிளாஷோடு சேர்ந்து இயங்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம்) தாண்டி ஷட்டரை வைத்தால் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். எல்இடி விளக்கின் கீழே சைலன்ட் ஷட்டரில் (திரை ஓடாமல் மின்னணு முறையில்) எடுத்தால் வரிவரியாக வரும். லென்ஸ் ஹூட் கோணலாக மாட்டியிருந்தால் மூலை இருட்டும்.

ஃபிளாஷை அணைத்து, மெக்கானிக்கல் ஷட்டரில், பகல் வெளிச்சத்தில், ஒரே சீரான சுவரை எடுங்கள். 1/250 நொடியில் தொடங்கி 1/4000 நொடி வரை போங்கள், ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் படம். வேகம் கூடக்கூட ஒரு விளிம்பு இருண்டால் ஷட்டர் திரைகள் ஒன்றுக்கொன்று பொருந்தி ஓடவில்லை. பத்தில் ஒன்று மட்டும் இருண்டாலும் அது கணக்கில் உண்டு. இந்தக் கோளாறு தினமும் தலைகாட்டாது, சர்வீஸ் மேசையில் வைத்தால் ஒழுங்காக நடித்துவிடும். அதனால் படங்களை அழிக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.

நிக்கான் டி750-க்கு 2015-ல் இந்தக் காரணத்துக்காக அறிவிப்பு வந்தது. முதலில், 2014 அக்டோபர், நவம்பரில் தயாரானவை மட்டும் என்றார்கள். 2016-லும் 2017-லும் பட்டியல் நீண்டது. முதல் அறிவிப்பில் தன் சீரியல் எண் இல்லை என்று நிம்மதியாகப் படுத்தவர்களில் பலருடைய கேமராக்கள் பின்னால் பட்டியலில் ஏறின. ஒருமுறை பார்த்தோம், இல்லை, முடிந்தது என்று விட்டுவிடாமல், அறிகுறி இருந்தால் சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

சோனி ஏ7 மார்க் 3-ன் ஷட்டர் திடீரென்று செயலிழப்பதாக அமெரிக்காவில் வழக்கே தொடுத்தார்கள். ஷட்டர் தேய்கிற பாகம் என்பது உண்மைதான். ஆனால் இத்தனை படம் தாங்கும் என்று கம்பெனியே சொன்ன எண்ணிக்கையில் ஒரு சிறு பங்கைத் தொடும் முன்பே விழுந்தால், "தேய்மானம்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: முழுப் படமும் இருட்டு, அல்லது முழுப் படமும் வெளுப்பு

இங்கே சந்தேகப்பட வேண்டியது அப்பர்ச்சர். ஒரே காட்சியை எஃப்/4-லும் எஃப்/22-லும் எடுங்கள், எக்ஸ்போஷரைக் கேமராவே முடிவு செய்யட்டும். எஃப்/22 சரியாக வந்து எஃப்/4 இருண்டால், லென்ஸ் ஒவ்வொரு முறையும் கடைசி வரை மூடிக்கொள்கிறது என்று அர்த்தம். பென்டாக்ஸ் கே-30, கே-50 வைத்திருப்பவர்கள் நன்றாக அறிந்த கோளாறு இது. பாடிக்குள் அப்பர்ச்சரை இயக்கும் சின்ன மின்காந்தம் சிக்கிக்கொள்கிறது. நாலைந்து படம் எடுத்தால் சரியாகும், மறுநாள் மறுபடி சிக்கும். இப்படி வந்து போகும் கட்டத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது.

தலைகீழாக, எஃப்/4 சரியாக இருந்து எஃப்/16 வெளுத்தால், அப்பர்ச்சர் இலைகள் மூட மறுக்கின்றன. பழைய லென்ஸில் எண்ணெய் படிந்திருக்கலாம். ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100-ன் முதல் தலைமுறையில் இலைகள் ஒட்டிக்கொள்ளும் கோளாறு பிரசித்தம். ஆனாலும் அந்தக் கேமராவைக் கொண்டாடியவர்கள் கொண்டாடிக்கொண்டேதான் இருந்தார்கள். ரிப்பேருக்கு அனுப்பிவிட்டு அது திரும்பி வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்களை என்ன சொல்வது!

அறிகுறி: ஃபோகஸ் விழவில்லை

கைக்கும் கேமராவுக்கும் பெரிய வழக்கு நடக்கும் இடம் இது. ட்ரைபாடில் வைத்து, அசையாத பொருளை, நல்ல வெளிச்சத்தில், நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்து எடுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் ஒருமுறை வியூஃபைண்டரிலும் ஒருமுறை லைவ் வியூவிலும் (பின்திரையில் பார்த்து). லைவ் வியூ கூர்மையாக இருந்து வியூஃபைண்டர் வழி மங்கினால், லென்ஸ் நல்லது. ஃபோகஸ் சென்சாரின் அளவீடு தவறியிருக்கிறது. மெனுவில் ஃபோகஸ் நுண்திருத்தம் இருந்தால் முயலுங்கள். நடுப்புள்ளி சரி, இடது ஓரப் புள்ளி மட்டும் தவறு என்றால் நுண்திருத்தம் உதவாது, சர்வீஸ்தான். 2012-ல் நிக்கான் டி800 வாங்கிய சிலருக்கு அப்படித்தான் ஆனது. லைவ் வியூவிலும் மங்கினால் லென்ஸைச் சந்தேகியுங்கள். ஓடும் பொருளில் மட்டும் தவறினால், ஷட்டர் வேகத்தை 1/1000-க்கு மேல் ஏற்றி எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

அந்தக் கடைசி வரியைக் கேனன் 1டி மார்க் 3 வைத்திருந்தவர்களிடம் சொல்ல முடியாது. 2007-ல் வந்த விளையாட்டுக் கேமரா. வெயிலில், சூட்டில், ஓடுகிற வீரரைத் தொடரும்போது ஃபோகஸ் நழுவியது. வேலையே ஓடுகிறவர்களைப் படமெடுப்பது என்று இருந்தவர்களிடம், "செட்டிங்கை மாற்றிப் பாருங்கள்" என்ற பதில் எடுபடவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் கேனன், ஃபோகஸ் சென்சாருக்கு ஒளியைத் திருப்பும் துணைக் கண்ணாடியின் அமைப்பைக் காரணமாகச் சொல்லி இலவச ரிப்பேர் அறிவித்தது. அதற்குள் நிக்கான் டி3 வந்துவிட்டது. பல வருடம் கேனனை விட்டு அசையாத விளையாட்டுப் புகைப்படக்காரர்கள் பலர் பெட்டியோடு அந்தப் பக்கம் போனார்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் மங்கல்

லென்ஸின் உள் கண்ணாடி ஒன்று நடுவிலிருந்து விலகியிருக்கலாம். தூரத்துக் காட்சி ஒன்றை எடுங்கள், அப்புறம் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே காட்சியை எடுங்கள். மங்கல் ஃபிரேமின் அதே பக்கத்தில் நின்றால் கோளாறு லென்ஸிலோ மவுண்டிலோ (பாடியில் லென்ஸ் மாட்டும் வளையம்). காட்சியோடு இடம் மாறினால் அந்தப் பக்கத்துக் காட்சியே தூரம் வேறு, லென்ஸ் மேல் குற்றமில்லை. இதற்கெல்லாம் ரீகால் (கம்பெனி திரும்பப் பெறும் அறிவிப்பு) வராது. புது லென்ஸ் என்றால் மாற்றித் தரும் காலக்கெடு முடியும் முன் சோதியுங்கள்.

அறிகுறி: விளக்கோ வெயிலோ இருந்தால் விசித்திரம்

ஃபிளேர் (பலமான வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறிப் படத்தில் விழுவது) எல்லா லென்ஸிலும் வரும். ஆனால் ஃபிரேமுக்கு மேலே, சற்று வெளியே பலமான வெளிச்சம் இருக்கும்போது ஃபிளேரைக் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு இருண்ட பட்டை குறுக்கே விழுந்தால் அது வேறு. டி750-ன் முதல் கோளாறு அதுதான், ஷட்டர் கோளாறுக்கு முன்பே வந்தது.

கேனன் 5டி மார்க் 2-ல் இரவு விளக்குகளின் வலப்பக்கம் ஒட்டினாற்போலக் கறுப்புப் புள்ளி வந்தது. 2009 ஜனவரியில் வந்த 1.0.7 ஃபர்ம்வேரோடு தீர்ந்தது. ஃபுஜிஃபில்ம் எக்ஸ்10-ல் விளக்குகள் வெள்ளைத் தட்டுகளாக மாறின. அதற்கு ஃபர்ம்வேர் போதவில்லை, மாற்றியமைத்த சென்சாரே வேண்டியிருந்தது. ஃபர்ம்வேர் தீர்க்கும் கோளாறும் இருக்கிறது, தீர்க்காத கோளாறும் இருக்கிறது. "அடுத்த அப்டேட்டில் சரியாகும்" என்று ரசிகர்கள் சொல்வதை நம்பி வாரண்டியைக் கடத்திவிடாதீர்கள்.

பாடிக்குள் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க, லென்ஸ் மூடியைப் போட்டு, வியூஃபைண்டரை அடைத்து, அரை நிமிட எக்ஸ்போஷர் வைத்து, டார்ச்சைப் பாடியைச் சுற்றி மெதுவாகக் காட்டுங்கள். மவுண்ட், மேல் திரை, பக்கவாட்டு மூடிகள் எல்லாவற்றிலும். ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-டி1-ன் ஆரம்பக் கேமராக்களில் பக்கவாட்டு மூடிக்குள்ளிருந்து கசிந்தது. கேனன் 5டி மார்க் 3-ல், கும்மிருட்டில் மேல் திரையின் விளக்கைப் போட்டால் வெளிச்ச அளவீடு மாறியது. அதற்கு உள்ளே ஒட்டிய மருந்து, கறுப்பு டேப். விலையுயர்ந்த கேமராவுக்குள் டேப் ஒட்டுவதா என்று நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. வெளிச்சத்தைத் தடுக்க டேப் நல்ல பொருள்தான்.

அறிகுறி: படம் சரி, உடம்பு சரியில்லை

பேட்டரி உப்பினாலோ தொட முடியாமல் சுட்டாலோ சோதனை எதுவும் வேண்டாம். வெளியே எடுங்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள், லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) பாருங்கள். நிக்கானின் இஎன்-இஎல்15 பேட்டரியை 2012-ல் திரும்பப் பெற்றபோது, 14 இலக்க லாட் எண்ணில் 9-வது எழுத்து ஈ (E) அல்லது எஃப் (F) என்றால் மாற்றித் தந்தார்கள். பிராண்ட் பாசம் குறுக்கே வரக் கூடாத ஒரே இடம் என்றால் இதுதான்.

கிரிப் ரப்பர் வெளுத்தால் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். கேனன் 650டி-யில் 2012-ல் வெளுத்த ரப்பரில் துத்தநாகச் சேர்மம் உருவாகித் தோல் அலர்ஜி வரக்கூடும் என்று கம்பெனியே எச்சரித்தது. கழுத்துப் பட்டை மாட்டும் வளையம் ஆடினால் அன்றே பட்டையைக் கழற்றுங்கள்; நிக்கான் இசட்8-ல் 2023-ல் அந்த வளையத்துக்காகவே இலவச சர்வீஸ் வந்தது.

அணைத்த கேமராவைக் குலுக்கும்போது உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டால், பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் உள்ள பல மாடல்களில் அது இயல்பு, சென்சார் மிதக்கிறது. ஆன் செய்தால் நின்றுவிடும். ஆன் செய்த பிறகும் கேட்டால் காட்டுங்கள்.

கோளாறு உறுதி, அடுத்து என்ன

மாடல் பெயரோடு "சர்வீஸ் அட்வைசரி" என்று தேடி, கம்பெனியின் பக்கத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கேமரா கம்பெனிகள் "ரீகால்" என்ற சொல்லை பேட்டரி, சார்ஜர் போன்ற ஆபத்து விஷயங்களுக்கு வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் அட்வைசரி என்றே சொல்வது வழக்கம். ரீகால் என்று மட்டும் தேடினால் பாதி கிடைக்காது.

பட்டியலில் இருந்தால் வாரண்டி முடிந்ததா என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், பெரும்பாலான அறிவிப்புகள் அதைத் தாண்டியும் செல்லும். இல்லையென்றால், சோதனைப் படங்களை எந்தத் திருத்தமும் இல்லாமல், என்ன செட்டிங், எத்தனையில் எத்தனை தவறியது என்ற சிறு குறிப்போடு கொடுங்கள். "ஃபோகஸ் சரியில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் "சோதித்தோம், நன்றாக இருக்கிறது" என்ற சீட்டோடு திரும்பி வரும். அதே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் ரிப்பேர் கேட்பதை நிறுத்திவிட்டு மாற்றுக் கேமரா கேளுங்கள். ஒவ்வொரு ரிப்பேர் சீட்டையும் வைத்திருப்பவருக்கே அப்படிக் கேட்க வாய் வரும். டி600-ல் பலமுறை ஷட்டர் மாற்றியும் தீராத சிலருக்கு டி610 கொடுத்தார்கள்.

அப்படியானால் பிராண்ட் மாறிவிடலாமா

விசுவாசம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மவுண்ட்தான். நிக்கான் 1959-ல் கொண்டுவந்த எஃப் மவுண்டை டிஎஸ்எல்ஆர் காலம் முடியும்வரை விடவில்லை. அதனால்தான் தாத்தாவின் லென்ஸைப் பேரன் மாட்ட முடிந்தது. கேனன் 1987-ல் எஃப்டி மவுண்டைக் கைவிட்டு இஎஃப் மவுண்டுக்குப் போனபோது பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் விளையாட்டு மைதானங்களின் ஓரம் முழுக்க அந்த இஎஃப் லென்ஸ்களே நின்றன. கோளாறு வந்த பாடியை ரிப்பேர் செய்யலாம். லென்ஸ் குவியலை விற்றால் பாதி விலைகூட வராது.

ஆக, ஒரு பாடியின் கோளாறுக்காக மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கோளாறை ஒத்துக்கொள்ள ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள், உங்கள் பிழைப்பு அந்தக் கேமராவில் ஓடுகிறது என்றால் மாறுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். 1டி மார்க் 3-ஐ விட்டுப் போனவர்கள் யாருக்கும் துரோகம் செய்யவில்லை.

மாறுவதற்காகவோ மிச்சம் பிடிக்கவோ பழைய கேமரா வாங்கினால், மேலே சொன்ன எஃப்/16 படம், 1/4000 சுவர், டார்ச் மூன்றையும் விற்பவர் முன்னாலேயே செய்துவிடுங்கள். டி750, டி810 போன்றவை என்றால் கேமராவைத் திருப்பி ட்ரைபாட் திருகுக் குழிக்குள் பாருங்கள். உள்ளே சின்னக் கறுப்புப் புள்ளி இருந்தால் டி750-ல் ஃபிளேருக்கும் டி810-ல் வெள்ளைப் புள்ளிகளுக்கும் தீர்வு செய்தாகிவிட்டது என்று அர்த்தம். டி750-ன் ஷட்டருக்கு அந்தப் புள்ளி சாட்சியில்லை, அதைச் சீரியல் எண்ணைப் போட்டுத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.